48 சதுரத்தையும் எப்படிச் சேர்ப்பது?

மலையகத்துப் பொகவந்தலாவைத் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது. அம்மாயிக்குப் போர்வை போட 48 கிரானி ஸ்குவேர், அதாவது குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னலில்) நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் போடும் சதுரம், முடித்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் ஆறு சுற்று, ஏறக்குறைய 15 செ.மீ., டபுள் நிட்டிங் என்ற நடுத்தரத் தடிப்பு வூல், 4 மி.மீ. குரோஷே ஊசி. ஊசி நூலால் தைத்துப் பார்த்ததில் ஒரு மூலை கழன்றுவிட்டதாம், சிங்கிள் குரோஷே என்ற குட்டைக் கண்ணியில் சேர்த்துப் பார்த்தால் மேடு மேடாக வருகிறதாம், படுத்தால் அம்மாயிக்கு உறுத்துமோ என்று பயப்படுகிறார். எந்த முறை நல்லது, ஒன்றைச் சொல்லுங்கள் என்கிறார்.

ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், தட்டையாக விழும் ஸ்லிப் ஸ்டிச், அதாவது நூலை ஒரே இழுப்பில் எடுத்துப் போடும் மிகக் குட்டையான கண்ணி. சதுரங்களை நல்ல பக்கம் மேலே தெரிய அருகருகே வைத்து, கண்ணித் தலையில் இருக்கும் இரண்டு இழையில் தள்ளி இருக்கும் பின் இழையில் மட்டும் ஊசியை விட்டு, பின்னிய ஊசியைவிட ஒன்றிரண்டு அளவு பெரிய ஊசியால் போடுவது. மேடு வராது, தையலைவிட உறுதி, பிரிக்க வேண்டி வந்தால் நூலை இழுத்தாலே பிரிந்துவிடும். ஆனால் முறையை மாற்றியதால் மட்டும் பிரச்சினை தீராது. சேர்ப்பதில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் சேர்க்கிற முறையால் வருவதில்லை, சதுரத்தின் ஓரத்தால் வருகிறது. அதனால் முதலில் ஓரம்.

கிரானி ஸ்குவேரில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் சுற்றில் ஒரு பக்கத்துக்கு மூன்று கண்ணிகள் கொண்ட ஒரு கொத்து, இரண்டாவதில் இரண்டு கொத்து, இப்படியே போனால் ஆறாவது சுற்றில் ஒரு பக்கத்துக்கு ஆறு கொத்து, அதாவது 18 கண்ணி. இரண்டு முனையிலும் மூலை செயின், அதாவது மூலை திரும்பப் போடும் சங்கிலிக் கண்ணி. 48 சதுரத்திலும் நான்கு பக்கமும் 18 இருக்கிறதா என்று உட்கார்ந்து எண்ணுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் டீவி பார்த்துக்கொண்டே செய்யலாம். 18 வராத சதுரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டித் தனியே வையுங்கள். ஒரு கண்ணிதான் வித்தியாசம் என்றால் சேர்க்கும்போது அந்த இடத்தில் ஒரே கண்ணியில் இரண்டு தடவை ஊசியை விட்டுச் சமாளித்துவிடலாம், கண்ணுக்குத் தெரியாது. மூன்று குறைகிறதென்றால் ஒரு கொத்தையே விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், அந்தச் சுற்றைப் பிரித்துத் திரும்பப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இழுத்து இழுத்துச் சேர்த்தால் அந்த ஒரு சதுரம் சுற்றியிருக்கிற எட்டையும் கோணலாக்கும்.

எண்ணிக்கை சரி, அளவு மட்டும் கூடக்குறைய இருக்கிறது என்றால் அது கை இறுக்கம். ஆரம்பத்தில் போட்டதும் கடைசியில் போட்டதும் ஒரே அளவில் வருவது யாருக்கும் அபூர்வம்தான். இதற்கு நல்ல வழி, எல்லாச் சதுரத்துக்கும் ஒரே நிறத்தில் சிங்கிள் குரோஷே ஒரு சுற்று ஓட்டிவிடுவது. பெரியதில் கொஞ்சம் இறுக்கி, சின்னதில் கொஞ்சம் தளர்த்திப் போட்டால் அரை சென்டிமீட்டர் வரை சமனாகும். நிறம் நிறமாகப் போட்ட சதுரங்களுக்கு இது ஒரு சட்டம் மாட்டிவிட்ட மாதிரி அழகாகவும் இருக்கும், சேர்க்கும்போது ஊசி நுழைய ஒழுங்கான கண்ணி வரிசையும் கிடைக்கும். நூல் கூடுதலாகப் போகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. யூடியூப்பில் அமெரிக்கப் பெண்கள் சொல்லும் சிங்கிள் குரோஷேயும், பழைய இங்கிலாந்துப் புத்தகங்களில் வரும் டபுள் குரோஷேயும் ஒரே கண்ணிதான். அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். நம் ஊரில் வயதான டீச்சர்மாரிடம் படித்தவர்கள் இங்கிலாந்துப் பெயர் சொல்வார்கள், போனில் பார்த்துப் படித்த பிள்ளைகள் அமெரிக்கப் பெயர் சொல்வார்கள். நான் இதில் முழுக்க அமெரிக்கப் பெயர்தான் சொல்கிறேன். ஸ்லிப் ஸ்டிச்சுக்கு இப்போது இரண்டிலும் ஒரே பெயர், அந்தக் குழப்பம் இல்லை.

அப்புறம் விரித்துக் காயவைப்பது, அதுதான் பிளாக்கிங் என்று சொல்வது. நனைத்து ஊசி குத்திக் காயவைக்கச் சொல்வார்கள். அது கம்பளிக்கும் பருத்திக்கும் சரி. நாம் பெரும்பாலும் வாங்குவது அக்ரிலிக் என்ற செயற்கை நூல், நனைத்து வைத்தால் காயும்வரை நேராக நிற்கும், பிறகு பழையபடி சுருளும். அக்ரிலிக்குக்கு ஆவிதான் வேலை செய்யும். பழைய டீவி பெட்டிக்குள் வரும் ரிஜிபோம் பலகையில் 15 செ.மீ. கட்டம் வரைந்துகொண்டு, சதுரத்தை அதற்குள் இழுத்துக் குண்டூசி குத்தி, ஆவி அயன் பாக்ஸை ஒரு அங்குலம் உயரத்தில் பிடித்துச் சில வினாடி ஆவி விட்டால் போதும். அயன் நூலில் பட்டுவிடக் கூடாது. சூடு அதிகமானால் அக்ரிலிக் உயிர் போன மாதிரி தளர்ந்து பளபளவென்று ஆகிவிடும், திரும்பவே திரும்பாது. ரிஜிபோமும் சூட்டில் உருகும், அதனால் மேலே ஒரு பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு மழைக்காலத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு சாக்ஸ் காய்வதற்கே நாள் கணக்காகும், ஈரமாகக் குத்திவைத்த குண்டூசி துருப்பிடித்துச் சதுரத்தில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். அயன் பாக்ஸ் இல்லையென்றால் கவலை வேண்டாம், எண்ணிக்கை சரியாக இருந்தால் பிளாக் பண்ணாமலே சேர்க்கலாம், போர்வையின் சொந்தப் பாரமே கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் சமனாக்கிவிடும்.

இப்போது நூல் கணக்கு. 6 சதுர அகலம், 8 சதுர நீளம் என்றால் போர்வை 90-க்கு 120 செ.மீ. குறுக்காகப் போகும் இணைப்புக் கோடு 7, ஒவ்வொன்றிலும் 6 பக்கம். நெடுக்காகப் போவது 5, ஒவ்வொன்றிலும் 8 பக்கம். மொத்தம் 82 பக்கம், 12 மீட்டருக்குச் சற்று அதிகம். ஊசியால் தைத்தால் கோட்டின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு நூல் போகும் என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது 40 மீட்டருக்குள். குரோஷேயால் சேர்த்தால் இதைவிடக் கூட, சிங்கிள் குரோஷே என்றால் நன்றாகவே கூட. சரியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு பக்கத்தைச் சேர்த்துப் பாருங்கள், பிரித்து நூலை அளந்து 82-ஆல் பெருக்குங்கள். கடையில் அதே சாயத் தொகுதி, அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல், மறுபடி கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். ஹட்டனில் வாங்கிய கருநீலமும் நுவரெலியாவில் வாங்கிய கருநீலமும் பக்கத்தில் வைத்தால் இரண்டு நிறம்.

தையலைப் பற்றி. கழன்றுவிட்டது என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம், தையல் நல்ல முறைதான், மிக மெல்லியதாக வரும், நூலும் குறைவு. மூலை கழன்றதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: எல்லோரும் ஒரு சதுரம் முடிந்ததும் மூலையில் முடிச்சுப் போட்டு நூலை வெட்டுகிறார்கள். நான்கு சதுரம் கூடும் அந்த இடத்தில்தான் இழுவை அதிகம், அங்கே இருக்கும் முடிச்சு முதலில் நழுவும். நூலை மாற்றுவதென்றால் ஒரு பக்கத்தின் நடுவில் மாற்ற வேண்டும், மூலையைத் தாண்டி நூல் ஓடிக்கொண்டே போக வேண்டும். முடிச்சு வேண்டாம், 15 செ.மீ. வால் விட்டு, பிறகு அதை ஒரு திசையில் போய், திரும்பி, மறுபடி ஒருமுறை என்று மூன்று தடவை கண்ணிகளுக்குள் ஓட்டி மறைத்தால் அசையாது. தொண்ணூறு சென்டிமீட்டர் கோட்டை ஒரே நூலில் தைக்கவும் பார்க்காதீர்கள், மூன்று மீட்டர் நூல் சிக்கும், துணுக்கு துணுக்காகத் தேயும். மூன்றரைச் சதுரத்துக்கு வருமளவு வெட்டிக்கொள்ளுங்கள், அப்போது நூல் தானாகவே பக்கத்தின் நடுவில் முடியும். ஊசி மொட்டை முனையாக இருக்க வேண்டும். கோணி ஊசியால் தைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது நூலைப் பிளந்துகொண்டு போகும், பிளந்த நூல் துவைக்கத் துவைக்க அறும்.

எந்த இழையில் குத்துவது என்பதில்தான் தையலின் அழகு இருக்கிறது. கடைசிச் சுற்றின் கண்ணி ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு இழை படுத்திருக்கும், நல்ல பக்கம் உங்களைப் பார்க்கும்போது கிட்ட இருப்பது முன் இழை, தள்ளி இருப்பது பின் இழை. சதுரங்களை அருகருகே வைத்து, ஒன்றின் பின் இழையும் மற்றதின் பின் இழையும் மட்டும் எடுத்துச் சுற்றித் தைத்தால் முன் இழைகள் இரண்டும் கோட்டின் இரு பக்கமும் கம்பி மாதிரி நின்று சுத்தமாகத் தெரியும். இரண்டு இழையையும் சேர்த்து எடுத்தால் உறுதி கூடும், தடிப்பும் கூடும். போர்வைக்குப் பின் இழை போதும். மூலைச் செயினை மட்டும் முழுதாகப் பிடித்து இரண்டு தடவை தையுங்கள். மேட்ரஸ் ஸ்டிச் என்று இன்னொன்று உண்டு, இரு பக்கமும் மாறி மாறி எடுத்துச் சில கண்ணிக்கு ஒருமுறை நூலை இழுத்தால் தையல் உள்ளே போய் மறையும். ஸ்வெட்டர் தோளுக்கும் பக்கவாட்டுக்கும் அது அருமை, 82 பக்கப் போர்வைக்கு அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது.

சிங்கிள் குரோஷேயில் மேடு வருவது குறை இல்லை, அது அந்த முறையின் இயல்பு. கெட்ட பக்கங்களை ஒட்ட வைத்துப் போட்டால் மேடு நல்ல பக்கத்தில் நிற்கும், நல்ல பக்கங்களை ஒட்ட வைத்துப் போட்டால் மேடு அடியில் போய்விடும். கறுப்பு நூலில் மேடு மேலே தெரியப் போட்டால் கண்ணாடி ஜன்னல் கட்டம் மாதிரி எடுப்பாக இருக்கும், சோபா விரிப்புக்கும் பைக்கும் நான் அதைத்தான் போடச் சொல்வேன். பைக்கு முக்கியமாக, ஏனென்றால் பாரம் தாங்கும், இழுத்தாலும் வாய் பிளக்காது. படுக்கிறவர்களின் உடம்பில் படும் போர்வைக்கு மேடு எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரு நாள் அது உடம்புப் பக்கம் வரத்தான் செய்யும். வயதானவர்களுக்கு நீங்கள் பயப்பட்டது நியாயம். மேடு கொஞ்சம் பரவாயில்லை என்று நினைத்தால் இரண்டு சதுரத்தின் பின் இழையில் மட்டும் சிங்கிள் குரோஷே போடுங்கள், பாதி அமுங்கிவிடும்.

இனி நான் சொன்ன ஸ்லிப் ஸ்டிச். மேசை வேண்டும், அல்லது பாயில் உட்கார்ந்து முன்னால் ஒரு பலகை. இரண்டு சதுரம் நல்ல பக்கம் மேலே, ஓரம் ஓரத்தைத் தொட. நூல் உருண்டை சதுரங்களுக்கு அடியில். வலது சதுரத்தின் மூலைச் செயினில் ஊசியை மேலிருந்து கீழே விட்டு, அடியிலிருந்து நூலைக் கொக்கியில் பிடித்து மேலே கொண்டுவருகிறீர்கள், இடது மூலையிலும் அப்படியே. பிறகு வலது சதுரத்தின் முதல் கண்ணியின் பின் இழையில் ஊசியை மேலிருந்து விடுங்கள், உடனே இடதின் பின் இழையிலும் விடுங்கள், அடியில் இருக்கும் நூலைப் பிடித்து இரண்டு இழை வழியாகவும், ஊசியில் ஏற்கெனவே இருக்கும் வளையம் வழியாகவும் ஒரே இழுப்பில் மேலே எடுங்கள். அவ்வளவுதான், 18 தடவை. இரண்டு சதுரத்துக்கும் நடுவில் ஒரு செயின் படுத்துக்கொண்டே போகும், இரு பக்கமும் முன் இழைகள் அணைத்திருக்கும். தடவிப் பார்த்தால் கைக்கு மேடு தட்டாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரே விஷயம் இறுக்கம். ஸ்லிப் ஸ்டிச் நெகிழாத கண்ணி. முதல் பக்கத்தை முடித்ததும் அளந்து பாருங்கள். சதுரம் 15 செ.மீ. இருக்க இணைப்பு 14-ஆக வந்தால், ஆறு சதுரத்தில் 6 செ.மீ. போய்விடும், போர்வை நடுவில் உப்பி ஓரத்தில் சுருங்கும். அதனால்தான் 4.5 அல்லது 5 மி.மீ. ஊசி எடுக்கச் சொன்னேன். கை இயல்பிலேயே இறுக்கம் என்றால் 5.5 எடுத்தாலும் தப்பில்லை. ஒவ்வொரு வளையத்தையும் மேலே கொஞ்சம் தாராளமாக இழுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

இரண்டு இரண்டாகச் சேர்த்துப் பிறகு அதையெல்லாம் கூட்டுவது என்று போகாதீர்கள். 48-ஐயும் கட்டிலில் பரப்பி நிறம் பார்த்து அடுக்கி, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையையும் ஊக்கில் கோத்து நம்பர் எழுதிய துண்டு மாட்டிவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இது கட்டாயம். பிறகு குறுக்குக் கோடுகள் ஏழையும் முதலில் முடியுங்கள். முதல் இரண்டு வரிசையை எடுத்து ஒரு ஜோடி முடிந்ததும் நூலை வெட்டாமல் ஒரே ஒரு செயின் போட்டு அடுத்த ஜோடியின் மூலைக்குத் தாவுங்கள், ஆறு ஜோடியும் ஒரே ஓட்டம். ஏழு கோடும் முடிந்தால் சதுரங்கள் நீள நீளமாகத் தொங்கும், நடுவில் நெடுக்குப் பிளவுகள் மட்டும் பாக்கி. அந்த ஐந்தையும் இதே மாதிரி ஓட்டுங்கள்.

நான்கு சதுரம் சந்திக்கும் இடம் உங்கள் போர்வையில் 35. ஓட்டை தெரிவது அங்கேதான். நெடுக்குக் கோடு போடும்போது, முன்பு குறுக்கே போட்ட அந்த ஒற்றைச் செயினுக்கு மேலாக இன்னொரு ஒற்றைச் செயின் போட்டுத் தாண்டினால் ஒரு சின்னச் சிலுவை விழும், ஓட்டை மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் இரண்டு செயின் போட்டால் தொளதொளக்கும், செயினே இல்லாமல் தாவினால் மூலை மேலே கூம்பும். 35 இடத்திலும் ஒரே மாதிரி செய்வதுதான் முக்கியம், எப்படிச் செய்தாலும் ஒரே மாதிரி இருந்தால் கண் அதை டிசைன் என்று எடுத்துக்கொள்ளும்.

அடுத்த முறை போர்வை போடுவதாக இருந்தால், பின்னும்போதே சேர்க்கும் முறையைப் படித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிரானி ஸ்குவேருக்கு அதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. முதல் சதுரத்தை முழுதாக முடிப்பீர்கள், மற்றதையெல்லாம் ஐந்தாவது சுற்றோடு நிறுத்தி வைத்துவிட்டு, ஆறாவது சுற்றைப் போடும்போது பக்கத்துச் சதுரத்தோடு பிணைத்துக்கொண்டே போவீர்கள். மூலையில் மூன்று கண்ணி, ஒரு செயின், பக்கத்துச் சதுரத்தின் மூலை வளையத்தில் ஒரு ஸ்லிப் ஸ்டிச், ஒரு செயின், மறுபடி மூன்று கண்ணி. அப்புறம் ஒவ்வொரு கொத்துக்கும் நடுவில் பக்கத்துச் சதுரத்தின் இடைவெளியில் ஒரு ஸ்லிப் ஸ்டிச். தனி இணைப்பே கிடையாது, துணி மெத்தென்று விழும், மறைக்க வேண்டிய வால் நூலும் குறையும். ஆனால் எந்தச் சதுரம் எங்கே என்று முதலிலேயே முடிவு பண்ணியிருக்க வேண்டும், நடுவில் ஒன்று பிடிக்கவில்லையென்றால் கழற்றுவது பெரும்பாடு. உங்களுக்கு இப்போது வேண்டுமானால் 48-லும் கடைசிச் சுற்றைப் பிரித்தால் இதைச் செய்யலாம், நான் அப்படிச் சொல்ல மாட்டேன், முடித்ததைப் பிரிக்கிற மனக்கஷ்டம் வேறு. பிறந்த குழந்தைக்குப் போடுவதென்றால் இந்த முறையை யோசித்துச் செய்யுங்கள், இடைவெளிகளில் விரல் மாட்டும்.

செயின் வளையங்களைப் பின்னல் மாதிரி மாற்றி மாற்றிச் சேர்க்கும் பிரெய்டு முறையும் இருக்கிறது, இடைவெளி விட்டு வலை மாதிரி விழும். சால்வைக்கு, ஜன்னல் திரைக்கு நன்றாக இருக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஜனவரி பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லில் வெண்பனி உறையும், இந்தப் பக்கத்துக்குப் போர்வை போடுகிறவர் காற்றுப் போக ஏன் வாசல் வைக்க வேண்டும் என்று தோன்றும் எனக்கு. கொழும்பில் இருக்கிற மகளுக்கு என்றால் சரி.

நிறத்துக்கு ஒரு வார்த்தை. இணைப்புக்கு வெள்ளையோ கிரீமோ எடுத்தால் சதுரங்களின் நிறம் பளிச்சென்று தெரியும், ஆனால் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அடுப்புப் புகையும் வாசல் மண்ணும் இருக்கும்போது முதலில் அழுக்காவதும் அந்தக் கோடுகள்தான். சாம்பல், கரும்பச்சை, மரூன் இவை அழுக்கையும் கண்ணி கோணலையும் சேர்த்தே மறைக்கும்.

துவைத்தால் கொடியில் ஒரு ஓரத்தைக் கிளிப் போட்டுத் தொங்கவிடக் கூடாது. தண்ணீர் குடித்த போர்வையின் முழுப் பாரமும் மேல் வரிசை இணைப்பில் இறங்கும், நல்ல இணைப்பும் நீளும். பழைய துண்டில் சுருட்டித் தண்ணீரைப் பிழிந்துவிட்டு, இரண்டு கொடிக்கு மேலாகப் பரப்பிப் போடுங்கள், அல்லது பாயில் விரித்துவிடுங்கள். மழை என்று அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைப்பது நம் பக்கத்துப் பழக்கம், அக்ரிலிக்கில் அது ஆபத்து, பொறி பட்டால் உருகி ஒட்டும்.

எல்லாம் சேர்ந்த பிறகு சுற்றி ஒரு ஓரம் போடாமல் விடாதீர்கள், குறைந்தது இரண்டு சுற்று சிங்கிள் குரோஷேயாவது. ஒரு சதுரத்துக்கு 18, அப்புறம் இரண்டு சதுரம் கூடும் இடத்தில் இந்தப் பக்க மூலைச் செயினில் ஒன்று, அந்தப் பக்க மூலைச் செயினில் ஒன்று. ஓரம் அலை அலையாக வந்தால் அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கண்ணியாக முடியுங்கள், உள்ளே இழுத்தால் நடுவில் இன்னொரு கண்ணி கூட்டுங்கள். போர்வையின் நான்கு மூலைக்கும் மூன்று மூன்று கண்ணி. சேர்க்கும்போது விட்ட வால் நூல்களில் ஓரத்துக்குக் கிட்ட வருகிறவற்றை இந்தச் சுற்றுக்குள்ளேயே வைத்துப் பின்னிவிடலாம், ஊசியில் கோத்து மறைக்கும் வேலை அந்த அளவுக்கு மிச்சம்.